மலைப்பாம்புப் பெட்டிக்குள் நான் கட்டிய பாறை

2025 ஜனவரி 29, புதன்கிழமை, முற்பகல் 10.15, மொன்றியல். தமிழில் சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் வித்தியா கேட்டு எழுதியது.

பெயர்: சவிரிமுத்து நீக்கிலாப்பிள்ளை. வயது: 61. பிறந்த இடம்: பேசாலை, மன்னார். தொழில்: முதியோர் இல்லமொன்றில் கட்டடப் பராமரிப்பு. விலாசம்: வில்லரே, டெ காஸ்பே அவெனியூ, கீழ்வீடு.

நான் மேற்சொன்ன விலாசத்தில் பதினேழு வருடங்களாக மனைவி செலீனுடனும் மகள் றெபேக்காவுடனும் வாடகைக்கு வசிக்கிறேன். மேல்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரி மதாம் லவுவா இருக்கிறார். இம்மாதம் 22ஆம் திகதி எங்கள் வீட்டின் பின்னறையில் தீப்பிடித்தது தொடர்பாக என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன். 24ஆம் திகதி என் மகள் இதே பொலிஸ் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். மத்தியானம் தான் வீட்டுக்கு வந்து பாம்புப் பெட்டிக்குள் விளக்கைப் பொருத்திவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியதாகவும், அந்த விளக்கினாலேயே தீப்பிடித்ததாகவும் அதில் சொல்லியிருக்கிறாள். அது முழுப்பொய். விளக்கைப் பொருத்தியது நான். அவள் மிருக வைத்திய உதவியாளர் படிப்புப் படிக்கிறாள். அந்த வாக்குமூலத்தினால் அவளுடைய செயன்முறைப் பயிற்சியைக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பாம்பையும் நகரசபை ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டையும் அவளுக்குத் திரும்ப எடுத்துக் கொடுக்கவே வந்திருக்கிறேன்.

2023 நவம்பரில் றெபேக்காவுடன் படித்த பிள்ளையொன்று வன்கூவருக்குக் குடிபெயர்ந்தபோது, தன்னிடமிருந்த மலைப்பாம்பை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. அப்போது மூன்றரை அடி. மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். பிரெஞ்சில் எலுமிச்சை என்று பொருள்படும்படி சித்ரோன் என்று அதற்குப் பெயர் வைத்தாள். எங்கள் ஹோலில் மாதா சுருபம் இருக்கிறது, மாதாவின் காலடியில் பாம்பும் இருக்கிறது. செலீன் அதைக் காட்டி, “மாதாவின்ரை காலுக்குக் கீழை கிடக்கிறதை நீ கட்டிலுக்குப் பக்கத்திலை வச்சிருக்கிறியே பிள்ளை” என்று அழாக்குறையாகக் கேட்டாள். “அந்தப் பாம்பு வேறை, இந்தப் பாம்பு வேறை அம்மா” என்றாள் மகள். நான் அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். பத்து மாதம் போகவில்லை. அவளுக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். என் பிடிவாதம் எங்கள் தேவாலயப் பங்கு முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் அதைப்பற்றி இங்கே கூடுதலாக எழுதத் தேவையில்லை.

2024 செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை, பாம்பு ஐந்தரை அடியாக வளர்ந்து பழைய கண்ணாடித் தொட்டி போதாமற் போனதால், றெபேக்கா ஒட்டுப்பலகை வாங்கி வந்து தானே அறுக்கத் தொடங்கினாள். நான் ஹோலில் இருந்தேன். வாள் பலகையில் சிக்கிச் சிக்கி இழுபடும் சத்தம் கேட்டது. அப்படி அறுத்தால் வெட்டுக் கோணும், பலகை வீண், விரலும் போகும். இருபது நிமிடம் பொறுத்தேன். அதன் பின்னர் எழுந்து போய்க் கதவைத் தள்ளி, “விடு, நான் அறுக்கிறன்” என்றேன். அவள் வாளைத் தந்துவிட்டு, பலகையின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பின்னர் ஆறு கிழமையாக, சனி ஞாயிறுகளிலும் எனக்கு ஓய்வுநாளான புதன்கிழமை மாலைகளிலும் இருவரும் சேர்ந்து அந்தப் பெட்டியைச் செய்தோம். நீளம் எட்டு அடி, உயரம் நாலு அடி, அகலம் இரண்டரை அடி. முன்பக்கம் இழுத்துத் திறக்கும் இரண்டு கண்ணாடிகள். பின்னறைச் சுவர் வெளிச்சுவர், மாரியில் கைவைத்தால் விறைக்கும், ஆகவே பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குல நுரைப்பலகை வைத்தேன். உட்பக்கம் மூன்று பூச்சு வானிஷ் அடித்து, மணம் முற்றாகப் போகும்வரை மூன்று கிழமை திறந்து விட்டிருந்தோம். கூரையில் ஒரு பக்கமாகத் தட்டையான சூட்டுத் தகடொன்றைத் திருகிப் பூட்டி, சூட்டை அளவோடு நிறுத்தும் தேமோஸ்ராற்றில் அதைக் கொடுத்தோம். சூடான பக்கம் முப்பத்திரண்டு பாகை, மற்றப் பக்கம் இருபத்தைந்து. எதற்கு இரண்டு பக்கம் என்று கேட்டேன். “அதுக்கு உடம்புக்குள்ளை சூடு இல்லை அப்பா. நாங்கள் குடுக்கிறதுதான் அதுக்குச் சூடு. கூடினால் அங்காலை போகும், குறைஞ்சால் இஞ்சாலை வரும்” என்றாள். வீட்டில் எங்களுக்கு இருபதுக்கு மேலே கூட்டவிடாமல் ஹீற்றருக்குக் காவலிருக்கும் செலீன், இதைக் கேட்டுவிட்டு, பாம்பாகப் பிறந்திருக்கலாம் போலிருக்கிறது என்றாள். அந்த ஆறு கிழமையும் எனக்கு மிகச் சந்தோஷமாக இருந்தது. வழக்குக்குத் தேவையில்லை என்றாலும் இதை எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

பாம்பைப் பெட்டிக்குள் விட்ட அன்று றெபேக்கா என்னிடம் தெளிவான தமிழில் சொன்னது: “சூட்டுக்குக் கிட்டக் கடதாசி கூடாது, வைக்கல் கூடாது. லைற் பூட்டினால் கட்டாயம் கம்பிக்கூடு போடோணும், தேமோஸ்ராற்றிலைதான் குடுக்கோணும்.” நான் ஓம் என்றேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அவள் தன் பங்குக்குச் செய்யவேண்டிய எதையும் செய்யாமல் விடவில்லை.

எங்கள் பங்கில் பத்தொன்பது வருடமாக நத்தாருக்குப் பாலன் இயேசுவின் குடில் கட்டுபவன் நான். எங்கள் ஊரில் கட்டுகிற முறைதான். தடித்த பழுப்புக் கடதாசியைக் கசக்கி, கோதுமை மாப் பசையில் தோய்த்து, கம்பிச் சட்டத்தில் ஒட்டிக் காயவிட்டு, சாம்பலும் பச்சையும் பூசினால் கல் மாதிரியே இருக்கும். சனம் வந்து தட்டிப் பார்க்கும். குகைக்குள்ளே மறைவாக ஒரு பல்ப் வைப்பேன். பாறைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தால்தான் குடில் குடிலாக இருக்கும், இல்லாவிட்டால் அது வெறும் மாட்டுக்கொட்டில். முன்பெல்லாம் பல்ப்பின் சூட்டுக்குப் பயந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அணைப்போம். பத்து வருடமாக எல்லாம் எல்ஈடி. எவ்வளவு நேரம் எரிந்தாலும் கையால் பிடிக்கலாம். அந்தப் பழைய பயம் என்னை விட்டுப் போய்விட்டது, இந்த வழக்குக்குக் காரணம் அதுதான்.

போன நத்தார் முடிந்து குடிலைப் பிரித்தபோது கடதாசி நிறைய மிஞ்சியது. எட்டடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கொப்பையும் ஒரு தண்ணீர்ச் சட்டியையும் பாம்பு ஒளிந்து படுக்கும் சிறு பெட்டியையும் தவிர ஒன்றும் இல்லை. ஏறுகிற பாம்புக்கு ஏற இடம் வேண்டும், கோடைக்குள் நுரையால் ஒரு பாறை செய்யப்போகிறேன் என்று றெபேக்கா சொல்லியிருந்தாள். அதை நான் செய்து கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். ஜனவரி 22 அவள் பிறந்தநாளும் கூட. பத்து மாதம் அறைக்கு வெளியே நின்றதற்கு வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. பங்கு மண்டபத்தின் கீழறையில் இரண்டு கிழமையாகப் பாறையைச் செய்தேன். என்னோடு குடில் கட்டும் றெக்ஸ் பார்த்துவிட்டு, “பாம்புக்கும் பாலன் குடிலோ அண்ணை? மூண்டு ராசாக்களையும் வைப்பியளோ?” என்று பகிடி பண்ணினான். றெக்ஸுக்கு இதில் வேறு பங்கில்லை. 22ஆம் திகதி காலை ஒன்பதரைக்குத் தன் வானில் பாறையை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அப்போது றெபேக்கா கல்லூரியில், செலீன் கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையில்.

அதன் பின்னர் நான் தனியாகப் பாம்பறைக்குள் போனேன். அதுவரை நான் பாம்பைத் தொட்டதில்லை. அது தன் ஒளிவுப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தபோது, வாசலைத் துவாயால் அடைத்துவிட்டு, பாறையைப் பெட்டியின் பின்பக்கம் முழுவதும் வைத்துத் திருகினேன். பாறையின் நடுவே ஒரு குகை விட்டிருந்தேன். அதற்குள் வைக்கப் பல்ப் தேடியபோது, பழைய கண்ணாடித் தொட்டியில் பாவித்த நூற்றைம்பது வாற்ஸ் ஹலோஜின் விளக்கு அலுமாரியில் இருந்தது. அது வெளிச்சத்துக்கான விளக்கல்ல, சூட்டுக்கான விளக்கு. அதன் கம்பிக்கூடு குகைக்குள் அடங்கவில்லை என்பதால் கம்பிக்கூட்டைக் கழற்றினேன். தேமோஸ்ராற்றில் கொடுக்காமல் நேரே சுவர்ப் பிளக்கில் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் மாதாமாதம் தீயணைப்பான்களையும் புகை மணிகளையும் பரிசோதித்துக் கையொப்பம் வைப்பவன் நான். அந்தக் கையால்தான் இதையும் செய்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. துவாயை எடுத்துக் கண்ணாடியை மூடிவிட்டுக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பாம்பு தலையை நீட்டியது. நாக்கால் பாறையைத் தடவித் தடவிப் பார்த்தது. அதன் பின்னர் அவசரமில்லாமல், இடம் பார்த்துப் பார்த்து, பாறையின் உச்சிவரை ஏறிப் படுத்தது. குகைக்குள்ளிருந்து வெளிச்சம் அதன் வயிற்றில் பட்டது. நான் தனியே இருந்து கைதட்டினேன்.

ஒன்றரை மணிபோல் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்குப் பின் ரொட்டி கருகும் மணம் வந்தது. அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. மதாம் லவுவா வீட்டில் எதையோ கருக்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்த மணம் என் மாப் பசை எரிகிற மணம் என்று புரிவதற்குள் நாலைந்து நிமிடம் போய்விட்டது. புகை மணி அடித்தபோது நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய்ப் பிளக்கை இழுத்தேன். குகையைச் சுற்றிக் கடதாசி எரிந்துகொண்டிருந்தது, புகையில் பெட்டியின் மேற்பாதி தெரியவில்லை. பாம்பு குளிர்ந்த பக்கத்து மூலையில் கொப்பை இறுக்கிச் சுற்றியிருந்தது. கண்ணாடியை இழுத்துத் திறந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. மீண்டும் இழுத்தபோது என் இடது முன்னங்கையைக் கவ்வியது, கவ்வியதை விடவில்லை. கையோடு சேர்த்தே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தேன். கண்ணாடியைத் திறந்தபடி விட்டதால் தீ திரைச்சீலைக்கும் சுவருக்கும் பரவியதாகத் தீயணைப்பு ஆட்களின் அறிக்கையில் இருக்கிறது. அதுவும் சரி.

வெளியே மைனஸ் இருபத்தொன்று. நாங்கள் குடுக்கிறதுதான் அதுக்குச் சூடு என்று மகள் சொன்னது நினைவு வர, சுவெற்றரையும் சேட்டையும் தூக்கிப் பாம்பை என் வெறும் மேலோடு வைத்து மூடினேன். நெருப்பு என்று கத்திக்கொண்டே மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். மதாம் லவுவா திறந்து, என் சுவெற்றருக்குக் கீழே தொங்கிய வாலைப் பார்த்ததும் கதவை மூடிக்கொண்டார். உடனே தீயணைப்புக்கு அழைத்ததும் அவர்தான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பின்னர் மூலையிலுள்ள, தெப்பனர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடைக்கு ஓடி, குளிர்பானப் பெட்டியின் மோட்டர் சூட்டுக்காற்று விடும் இடத்தில் முதுகைக் கொடுத்து நின்றேன். சும்மா நின்றால் துரத்துவார்கள் என்று ஒரு கோப்பி வாங்கினேன். கடைக்காரர் சுகம் விசாரித்தார், நல்ல சுகம் என்றேன். கொஞ்ச நேரத்தில் பாம்பு கையை விட்டுவிட்டு, என் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நெஞ்சில் தலையை வைத்தது. பயந்தீர்களா என்று கேட்டால், பயந்தேன். ஆனாலும் சுவெற்றரின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அங்கிருந்து றெபேக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, பாறை, பல்ப், தீ எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, “உங்களுக்கு ஒண்டுமில்லையே அப்பா?” அடுத்துக் கேட்டது, “சித்ரோன் அசையுதோ?” மெற்றோவில் வந்து சேர மூன்று இருபதாகிவிட்டது. கடைக்குப் பின்னால் வைத்துப் பாம்பைத் தன் ஜக்கெற்றுக்குள் வாங்கிக்கொண்டாள். என் கையில் முறிந்திருந்த பல்லைக் கிள்ளி எடுத்தாள். அதன் பின்னர் சொன்னாள்: “நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நெருப்புச் செக் பண்ணுறதே உங்கடை வேலை. தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவாங்கள். பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு. எனக்கு இருபது வயசுதானே, நான் பிழை விட்டால் ஆரும் பெரிசா எடுக்கமாட்டினம்.” நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாறை கட்டியது யோசியாமல் செய்த பிழை, வாயை மூடிக்கொண்டிருந்தது யோசித்துச் செய்த பிழை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றும் மறுநாளும் பாம்பை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு ஹோலில் மாதா சுருபத்துக்குக் கீழே வைத்திருந்தோம். அந்தப் பெட்டிக்குக் கீழே வைத்த சுடுதண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றி நிரப்பியது செலீன். 24ஆம் திகதி மகளின் வாக்குமூலத்துக்குப் பின் நகரசபை ஆட்கள் வந்து, கவனயீனமாக மிருகம் வளர்த்தவர் என்று அவள் பெயரை எழுதிக்கொண்டு பாம்பைக் கொண்டுபோனார்கள். 27ஆம் திகதி கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை அவள் எந்த மிருகத்தையும் தொட முடியாது. பெரிதாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். “பரவாயில்லை” என்றுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் அவள் அழுத சத்தம் ஹோல்வரை கேட்டது. செலீன் என்னைப் பார்த்த பார்வையை இதில் எழுத முடியாது.

நேற்று வேலைக்குப் போய் என் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். முடிவு சொல்லும்வரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார். ஆகவே மகள் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ அது இப்போது அவள் கையில் இல்லை. நான் சொல்வதைச் சரிபார்க்க விரும்பினால், 22ஆம் திகதி முற்பகல் பதினொரு மணி தொடக்கம் அவள் ஆய்வுகூடத்தில் இருந்ததற்குக் கல்லூரியில் வரவுப் பதிவு இருக்கிறது, நான் நின்ற தெப்பனர் கடையில் கமரா இருக்கிறது. என் இடது முன்னங்கையிலுள்ள பற்தடங்களை அதிகாரி இப்போது படமெடுத்தார். றெபேக்காவின் கையில் அப்படி ஒன்றும் இல்லை.

வினா: இப்படிச் சொல்லும்படி மகள் உங்களிடம் கேட்டாரா?

விடை: இல்லை. நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கத்துவாள்.

வினா: இதனால் உங்கள்மீது வழக்கு வரக்கூடும் என்பது விளங்குகிறதா?

விடை: விளங்குகிறது. மதாம் லவுவாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சுவரை நானே திருத்திக் கொடுப்பதென்று பேசியிருக்கிறோம்.

வினா: மிருகம் திருப்பிக் கொடுக்கப்பட்டால் அதை வைக்க இப்போது உங்கள் வீட்டில் இடம் உண்டா?

விடை: உண்டு. சனியும் ஞாயிறும் புதிதாக ஒரு பெட்டி செய்தேன். அதே எட்டு அடி. வானிஷ் காய நாளாகும் என்பதால் பூச்சுத் தேவையில்லாத மெலமைன் பலகை. தகடு, தேமோஸ்ராற், ஒரு கொப்பு, தண்ணீர்ச் சட்டி, ஒளிவுப் பெட்டி, அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. “அவங்கள் தரமாட்டாங்கள் அப்பா, ஏன் கட்டுறியள்” என்று மகள் கேட்டாள். பின்னறை எரிந்துவிட்டதால் பெட்டி எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. அதற்கு இடம் வேண்டும் என்று கட்டிலைக் கழற்றச் சொன்னது செலீன். நாங்கள் இருவரும் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறோம். ஞாயிறு மாலை தொடக்கம் பெட்டி முப்பத்திரண்டு பாகையில் நிற்கிறது. உள்ளே உயிரொன்றும் இல்லை, வெறும் பெட்டிதான். இன்று விடிய வேலைக்குப் போகுமுன் செலீன் கண்ணாடியில் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இதை வித்தியா எனக்குத் தமிழில் இருமுறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ வெட்டவோ எதுவும் இல்லை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இது உண்மையென்று ஏற்றுக் கையொப்பம் இடுகிறேன்.

ச. நீக்கிலாப்பிள்ளை